பெற்றோலுக்கு ஒரு ரூபாய் என்றால் வண்டிக்கும் ஒரு ரூபாய்

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34, அரச உத்தியோகத்தர். பட்டிருப்புப் பாலம் கடந்து படுவான்கரையில் ஓர் உட்கிராமத்தில் வேலை. போக 22 கிலோமீற்றர், வர 22. அதில் 9 கிலோமீற்றர் கிறவல் பாதை. எட்டு மாதத்துக்கு முன் 34,000 கிலோமீற்றர் ஓடிய றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பாவித்த வண்டியாக வாங்கினார். இப்போது மீற்றரில் 45,200. வேலைக்குப் போவதோடு, மாதத்தில் ஒரு தரம் மஹியங்கனை, பொத்துவில், திருகோணமலை என்று தூரப் பயணமும் உண்டு.

பெற்றோல் தவிர எட்டு மாதச் செலவைப் பற்றுச்சீட்டுப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார். மாதம் ஒரு தரம் ஒயிலும் பில்டரும், 84,000 ரூபாய். கிழமைக்கு ஒரு தரம் கழுவியது 27,000. பின் டயர் 32,000. செயினும் அது ஓடும் இரண்டு பற்சில்லும் (ஸ்ப்ரொக்கெற்) 28,000. பற்றரி 24,000. பின் சில்லுப் பெயாரிங் 6,500. ஹேண்டில் கழுத்துப் பெயாரிங் 9,500. கிராஷ் கார்ட், பெட்டி மாட்டும் றாக், இரண்டு மேலதிக விளக்கு என்று 78,000. மொத்தம் 289,000 ரூபாய்.

"மாதம் 5,000 ரூபாய்க்குள் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினேன். நான் கவனமில்லாதவன் இல்லை. மாதம் தவறாமல் ஒயில் மாற்றுகிறேன், கிழமைதோறும் பிரஷர் அடித்துக் கழுவுகிறேன், செயினுக்குக் கழிவு ஒயில் விடுகிறேன். பிறகும் ஏன் இப்படி? வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டி எடுங்க என்கிறா மனிசி. என்னுடைய பழைய 100 சிசி வண்டி கொட்டிலில் நிற்கிறது, அதைத் திருத்த 35,000 கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி. வாகனப் புத்தகம் இன்னும் முந்தின உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது என்பதையும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உண்டு என்பதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார்.

தம்பி, உங்களிடம் கவனத்துக்குக் குறைவில்லை. பற்றுச்சீட்டை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கவனம் தேவையில்லாத இடத்தில் கொட்டியிருக்கிறது, தேவையான இடத்தில் சொட்டவில்லை. உங்கள் துண்டுகளில் ஒயில் எட்டுத் தரம் இருக்கிறது. காற்றுப் பில்டர் ஒரு தரம்கூட இல்லை.

மாதக் கணக்கை விடுங்கள்

மாதம் 5,000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக 100 சிசி வண்டி ஓட்டிய பழக்கத்திலிருந்து வந்திருக்கும். இந்த வகை வண்டியை மாதக் கணக்கில் பார்த்தால் எப்போதும் ஏமாறுவீர்கள். மூன்று மாதம் ஒன்றுமே வராது, நாலாம் மாதம் டயரும் செயினும் சேர்ந்து 60,000 கேட்கும். தேய்வது கிலோமீற்றருக்கு. ஆகவே கணக்கும் கிலோமீற்றருக்குத்தான்.

உங்கள் விலைகளையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒயிலும் பில்டரும் ஒரு தரம் 10,500. அதை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றினால் கிலோமீற்றருக்கு 2 ரூபாய் 10 சதம். பின் டயர் நம்முடைய கிறவலில் 12,000 ஓடினால் 2 ரூபாய் 70 சதம். முன் டயர் 26,000 என்று வைத்து, 20,000 ஓடினால் 1 ரூபாய் 30 சதம். செயின் செற் ஒழுங்காகப் பார்த்தால் 20,000 ஓடும், அது 1 ரூபாய் 40 சதம். பிரேக் பாட் முன்னும் பின்னும் 75 சதம், காற்றுப் பில்டர் 40 சதம். பிளக், கேபிள், பிரேக் ஒயில், முன் போர்க் ஒயில், பெயாரிங், வால்வு பார்க்கும் கூலி எல்லாவற்றுக்கும் ஒன்றரை ரூபாய். கூட்டினால் 10 ரூபாய்க்குச் சற்று மேல்.

பெற்றோல் பக்கம் பாருங்கள். இந்த வண்டி லீற்றருக்கு 30 கிலோமீற்றர் அளவில் கொடுக்கும். லீற்றர் 300 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் அதுவும் கிலோமீற்றருக்கு 10 ரூபாய். ஆகவே ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெற்றோல் செட்டில் 3,000 ரூபாய்க்கு அடித்தால், அன்றைக்கே இன்னொரு 3,000 ரூபாயை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். டயர் தேயும்போது வீட்டுக் காசில் கை வைக்கத் தேவையிராது. உங்கள் மனைவிக்குத் தெரிவது திடீரென்று விழும் 32,000, 28,000 என்ற அடிகள்தான். அவர் பயப்படுவதில் பிழையே இல்லை.

உங்களுடைய எட்டு மாதத்தில் அலங்காரச் சாமான் 78,000ஐக் கழித்தால் மிச்சம் 211,000. ஓடியது 11,200 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு கிட்டத்தட்ட 19 ரூபாய். 10 ரூபாயில் முடியவேண்டியது ஏன் 19 ஆனது?

கூடிப்போன கவனம்

முதலாவது ஒயில். 2016இல் ஹிமாலயன் வெளிவந்தபோது ஒயில் மாற்றக் கம்பனி சொன்ன இடைவெளி 10,000 கிலோமீற்றர். நம்முடைய சூடு, தூசி, கிறவல் எல்லாவற்றுக்கும் தள்ளுபடி கொடுத்து அதைப் பாதியாக்கினாலும் 5,000. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. நீங்கள் 1,400க்கு ஒரு தரம் மாற்றியிருக்கிறீர்கள். 11,200க்கு இரண்டு தரம் போதும், அதாவது 21,000 ரூபாய். மிச்சம் 63,000 நல்ல ஒயிலாகவே கீழே ஊற்றப்பட்டிருக்கிறது. ஒயில் கறுத்துவிட்டது என்று கராஜில் காட்டுவார்கள். கறுப்பது ஒயில் கரியைத் தன்னோடு இழுத்துவைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கறுக்காவிட்டால்தான் யோசிக்கவேண்டும்.

மாற்றுவதைவிட முக்கியம் அளவு பார்ப்பது. 1,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சில நிமிடம் விட்டு, வண்டியை நேராக நிமிர்த்தி, எஞ்சினின் வலப்பக்கத்திலுள்ள கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். கூட ஊற்றினால் மூச்சுக் குழாய் வழியாகக் காற்றுப் பெட்டிக்குள் போய்ப் பில்டரை நனைக்கும். தரம் 15டபிள்யூ-50, போத்தலில் ஜாசோ எம்ஏ2 என்று இருக்கவேண்டும். கிளச் தட்டுகள் இதே ஒயிலுக்குள்தான் ஓடுகின்றன. கார் ஒயிலில் உராய்வு குறைக்கும் மருந்து கலந்திருக்கும். மலிவு என்று அதை விட்டால் ஏற்றத்தில் கிளச் வழுக்கும்.

இரண்டாவது கழுவல். இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. பிரஷர் தண்ணீர் சில்லின் நடுவில் அடிபடும்போது பெயாரிங்கின் ரப்பர் உதட்டைத் தாண்டி உள்ளே போகிறது. கிறீஸ் வெளியேறுகிறது, தண்ணீர் தங்குகிறது. மூன்று மாதத்தில் பெயாரிங் கரகரக்கும். ஹேண்டில் கழுத்துக்கும் அதே கதி. உங்கள் இரண்டு பெயாரிங்கும் போனதில் ஒரு பங்கு முந்தின ஆளின் பாவனையாக இருக்கலாம், மறு பங்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் இன்னும் மோசம்: மேலே பளபளப்பு, கம்பி முனைகளில் துரு. ஒரு வாளி நல்ல தண்ணீர், கொஞ்சம் ஷம்பூ, ஒரு பழைய பெனியன், அரை மணித்தியாலம். வீட்டில் முடிகிற வேலை. சேறு கட்டினால் தோட்டக் குழாயால் மெதுவாக விட்டு ஊறவைத்துத் தள்ளுங்கள். பாசிக்குடா மணலில் இறக்கிப் படம் பிடித்தால் அன்றைக்கே நல்ல தண்ணீர் காட்டவேண்டும். மணலோடு வருவது உப்பு, துருவேற்ற ஒரு இரவு போதும் அதற்கு.

மூன்றாவது பற்றரி. இந்த வண்டியின் பற்றரி 8 அம்பியர்-மணி. நீங்கள் போட்ட விளக்கு 40 வாட் இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். 80 வாட்டை 12 வோல்ற்றால் பிரித்தால் 6.7 அம்பியர். எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிட்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. இப்படி நாலைந்து தரம் அடியோடு இறங்கினால் பற்றரி பிறகு எழும்பாது. புதுப் பற்றரியையும் அதே வழியில் அனுப்பாமல், விளக்கு வயரை ஒரு ரிலே வழியாக, சாவி திறந்தால் மட்டும் வேலை செய்யும்படி, தனிப் பியூஸ் போட்டு மாற்றுங்கள். ஹோர்ன் வயரில் ஒட்டி எடுத்திருந்தால் உடனே கழற்றுங்கள். அந்த வயர் இவ்வளவு மின்னோட்டத்துக்கு உரியதல்ல, உருகும்.

ஒயில் 63,000, கழுவல் 27,000, பற்றரி 24,000. இந்த மூன்றிலும் மட்டும் 114,000 ரூபாய்.

குறைந்துபோன கவனம்

வேளாண்மை வெட்டுக் காலத்தில் உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் பின்னால் கிறவலில் போகிறீர்கள். அந்தச் செந்தூசி முழுவதும் காற்றுப் பில்டருக்குத்தான். 11,200 கிலோமீற்றரில் அதை ஒரு தரமும் திறக்கவில்லை என்றால் நாளைக்கே திறவுங்கள். 2,500க்கு ஒரு தரம் உள்ளிருந்து வெளியே காற்றடித்துத் தட்டி எடுக்கலாம், 10,000இல் மாற்றவேண்டும். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசியைக் கடதாசிக்குள் இன்னும் ஆழமாகத் தைப்பதாகிவிடும். பெட்டியின் விளிம்பு ரப்பர் சரியாக உட்காராவிட்டால் தூசி பக்கத்தால் நுழைந்து பிஸ்டன் றிங்கை அரைக்கும். 4,000 ரூபாய்ச் சாமானைப் பார்க்காததால் எஞ்சின் இறக்குகிற வேலை வரும்.

செயினுக்குக் கழிவு ஒயில் வேண்டாம். அதில் எஞ்சின் தேய்ந்த உலோகத் தூள் இருக்கிறது. கிறீஸும் வேண்டாம், அது கிறவலைப் பிடித்து அரைப்புக் கல்லாக மாற்றும். இந்தச் செயினின் கண்ணிகளுக்கு நடுவில் சிறு ரப்பர் வளையங்கள் உண்டு, உள்ளேயுள்ள கிறீஸைக் காப்பது அவைதான். பெற்றோலால் கழுவினால் அவை கெடும், கம்பித் தூரிகை போட்டால் கிழியும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 90ஆம் நம்பர் கியர் ஒயிலைச் செயினின் உட்பக்கமாகச் சொட்டு விடுங்கள். 500 கிலோமீற்றருக்கு ஒரு தரம், மழையில் நனைந்தால் அன்றைக்கே. ஓடி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும் நேரம் நல்லது, ஒயில் உள்ளே இறங்கும். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இழுவையைப் பற்றியும் ஒரு சொல். கராஜில் அநேகம் பேர் செயினை வீணைத் தந்தி போல இறுக்கிக் கொடுப்பார்கள். பின்னால் ஆளும் சாமானும் ஏறினால் சொக் அப்சோபர் அமுங்கும்போது அது இன்னும் இறுகும். அந்த இழுப்பைத் தாங்குவது பின் சில்லுப் பெயாரிங்கும் கியர்பெட்டி வெளித்தண்டின் பெயாரிங்கும். கையேட்டிலுள்ள அளவை, சில்லைச் சுற்றிப் பார்த்துச் செயின் மிக இறுகும் இடத்தில் வைத்து அளக்கவேண்டும். செயின் முடிந்ததா என்று அறிய, பின் ஸ்ப்ரொக்கெற்றின் பின்முனையில் ஒரு கண்ணியை வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதிக்கு மேல் தெரிந்தால் மாற்றும் காலம். மாற்றினால் மூன்றும் சேர்த்து, தனிச் செயின் மட்டும் போடுவது புது வேட்டியைச் சேற்றில் விரிப்பது போல.

கம்பிச் சில்லு என்பதால் ஸ்போக்கையும் பார்க்கவேண்டும். சில்லைத் தூக்கிவைத்து ஒரு சிறு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு போங்கள். கிண் என்று ஒலிக்கவேண்டும். தொப் என்று வந்தால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. அதை விட்டால் பக்கத்துக் கம்பிகள் பாரத்தைச் சுமந்து ஒவ்வொன்றாக முறியும். டயர்க் காற்று தனியே ஓட்டும்போது முன் 25 பிஎஸ்ஐ, பின் 32. ஆள் ஏறினால் கையேட்டின்படி கூட்டுங்கள். மகாஓயாப் பக்கம் காட்டுப் பாதையில் பொழுதுபட்டுக் காற்றுப் போனால் யானைக்குக் காத்திருக்கவேண்டியதுதான், அதனால் டயர் கழற்றும் லிவர் இரண்டு, கைப்பம்ப், 21 அங்குல டியூப் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அந்த 21ஐ அவசரத்துக்குப் பின் 17க்குள்ளும் மடித்துப் போட்டு மெதுவாக ஊர் சேரலாம். 17ஐ முன்னுக்குப் போட முடியாது.

மஹியங்கனைக்கு மேல் 18 வளைவு ஏறி இறங்குகிறீர்கள் என்பதால் பிரேக் ஒயில். முந்தின ஆள் எப்போது மாற்றினார் என்று தெரியாது, ஆகவே மாற்றப்படவில்லை என்றே வையுங்கள். டொட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு தரம். அது காற்றிலிருந்து ஈரம் குடிக்கும் ஒயில். ஈரம் கூடக் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் உள்ளே குமிழி கட்டி லிவர் பஞ்சு போல் போய்விடும். இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போடாதீர்கள்.

வால்வு இடைவெளியை 10,000க்கு ஒரு தரம், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, காலை வேளையில் பார்க்கச் சொல்லுங்கள். திருகாணியும் பூட்டு நட்டுமாக இருப்பதால் கூலி மட்டும்தான் செலவு. டப்பெற் சத்தம் கேட்கிறது என்று இறுக்கக் கொடுக்கவேண்டாம். சத்தம் போடும் வால்வு கெடாது. இறுகிய வால்வு இருக்கையில் முழுதாகப் படியாமல், சூட்டை இறக்க வழியின்றி எரியும்.

சாமான் வாங்கும்போது ஒரு சிக்கனம். பெயாரிங்கின் பக்கத்தில் நம்பர் பொறித்திருக்கும், ஒயில் சீலில் அளவு பொறித்திருக்கும். அதை எழுதிக்கொண்டு பெயாரிங் கடைக்குப் போனால் நல்ல ஜப்பான் சாமானே குறைந்த விலையில் கிடைக்கும். ஒயில் பில்டர், கிளச் தட்டு, பிரேக் பாட் மூன்றிலும் இந்த விளையாட்டு வேண்டாம். ஹிமாலயன் 411இன் உற்பத்தி 2023இல் நின்றுவிட்டதால், கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமானைத் தேய்ந்து முடியும்வரை காத்திராமல் ஒரு மாதம் முந்திச் சொல்லிவையுங்கள்.

விற்பதா, வைப்பதா?

இப்போது விற்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காரணம் பாசம் இல்லை. பின் டயர், செயின் செற், பற்றரி, இரண்டு பெயாரிங் எல்லாம் புதிது. அடுத்த 10,000 கிலோமீற்றர் இந்த வண்டிக்கு மிகக் குறைந்த செலவுக் காலம். இன்று விற்றால் அந்தக் காலத்தை வாங்குபவருக்குச் சும்மா கொடுப்பீர்கள். போட்ட சாமானுக்கு ஒருவரும் விலை தரமாட்டார்கள்.

ஆனால் மனைவி சொன்னதில் பாதி சரி. உங்கள் மாத ஓட்டம் 1,400. அதில் வேலைக்குப் போய்வருவது மட்டும், மாதம் 22 நாள் என்று வைத்தால், 968, பத்தில் ஏழு பங்கு. 200 கிலோவுக்குக் கிட்ட நிறையுள்ள வண்டியை, 120 அளவு பின் டயரோடு, கோப்பு ஒன்றைக் கொண்டுபோகப் பாவிக்கிறீர்கள். 28,000 ரூபாய் மாதம் போகும், பாதி பெற்றோல், பாதி பராமரிப்பு. வேலைக்குப் பழைய 100 சிசியை எடுத்தால் கிலோமீற்றருக்குப் பெற்றோல் 5, பராமரிப்பு 3 என்று வைத்து 7,750. தூரப் பயணத்து 432 கிலோமீற்றருக்கு ஹிமாலயன் 8,650. சேர்த்து 16,400. மாதம் 11,600 மிச்சம். 35,000 கொடுத்துத் திருத்தி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி எடுத்தாலும் நாலு மாதத்துக்குள் போட்ட காசு திரும்பும். ஸ்கூட்டி உங்கள் பாதைக்கு வேண்டாம். சின்னச் சில்லு கிறவல் குழியில் இறங்கினால் ஏறக் கஷ்டப்படும். மனைவி தன் பாவனைக்குக் கேட்டிருந்தால் அது வேறு கணக்கு.

மாரியில் பாதைக்கு மேலால் தண்ணீர் ஓடும் நாட்களில் மட்டும் ஹிமாலயனை வேலைக்கு எடுங்கள். தரையிலிருந்து 220 மில்லிமீற்றர் உயரம் அதற்காகத்தான். தண்ணீர் சில்லின் நடுவைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றால் ஸ்டாட்டரைத் தொடவேகூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாமல் கொனெக்ரிங் றொட் வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, காற்றுப் பெட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சுற்றவேண்டும்.

புத்தகம் யார் பெயரில்?

நீங்கள் கடைசி வரியில் சொன்னது முதல் வரியில் வந்திருக்கவேண்டும். வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். எட்டு மாதம் போய்விட்டது, தாமதக் கட்டணம் வரும், கட்டுங்கள். விற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே கையொப்பங்களை முடியுங்கள். அவர் வெளிநாடு போனாலோ, அவருக்கு ஒன்று நேர்ந்தாலோ, இந்த வண்டியை உங்களால் விற்கவும் முடியாது. லீசிங் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று புத்தகத்தின் முழு உரிமையாளர் பகுதியில் பாருங்கள். எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் வண்டியிலுள்ளதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி நீங்கள் மோதிய ஆளுக்கும் அவரது பொருளுக்கும்தான். உங்கள் வண்டி விழுந்து நொறுங்கினாலோ களவு போனாலோ ஒரு சதமும் வராது. பெயர் மாற்றி முடிந்ததும் முழுக் காப்புறுதிக்கு இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கிராஷ் கார்ட், றாக், விளக்குக்கு நீங்கள் கொடுத்த 78,000ஐயும் பற்றுச்சீட்டோடு அப்போதே எழுதிக் கொடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் வண்டியோடு வந்த சாமானுக்கு மட்டும்தான் கணக்குப் பார்ப்பார்கள்.